அந்த 22 சதவீதம் புரதம் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சர்க்கரைகள் நீளச் சங்கிலியாகக் கோத்த பொருளான நம் சோடியம் ஹயலூரோனேட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் என்று ஓர் ஆய்வகத்தில் கிளம்பிய பேச்சு உங்களில் பலரையும் எட்டியிருக்கிறது. நேரே கேட்டவர்களுக்கு நன்றி. கேட்காமலேயே ஆர்டரை நிறுத்தியவர்களுக்காகத்தான் இந்த மடல்.

அந்த 22 சதவீதம் எங்கிருந்து வந்தது? கெல்டால் முறையில் மொத்த நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கியிருக்கிறார்கள். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் வந்த கணக்கு அது. பால் பவுடருக்குச் சரி. ஹயலூரோனேட் சங்கிலியிலோ ஒன்றுவிட்டு ஒன்று அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரை. ஒவ்வொன்றிலும் ஒரு நைட்ரஜன் அணு. துளிகூடப் புரதம் இல்லாத சரக்கிலும் எடையில் சுமார் 3.5 சதவீதம் நைட்ரஜன் இருந்தே தீரும். 6.25ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 22! சொல்லப்போனால், அதைவிட ரொம்பக் குறைவாக வந்தால்தான் எங்களைச் சந்தேகப்பட வேண்டும். புரதத்தோடு சேர்ந்தால் நிறம் மாறும் பிராட்ஃபோர்ட் சாயத்தால் பாருங்கள், அது சர்க்கரையின் நைட்ரஜனைக் கண்டுகொள்ளாது என்று அன்றே சொன்னோம். யார் கேட்டார்கள்?

அதற்காகப் புரதமே வராது என்று சாதிக்கவில்லை. ஹயலூரோனேட்டைத் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா வளர்ந்த கரைசலில் எத்தனாலை ஊற்றினால் ஹயலூரோனேட்டோடு புரதமும் சேர்ந்தேதான் படியும். இத்தனை நாள் செவாக் முறையில் நீக்கினோம்: நான்கு பங்கு குளோரோஃபார்ம், ஒரு பங்கு பியூட்டனால் சேர்த்துக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, நடுவே வெள்ளையாக நிற்கும் புரதப் படலத்தை விட்டுவிட்டு மேலே உள்ள நீரை மட்டும் எடுப்பது. படலம் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப. நம் சரக்கு கொழகொழப்பு, பிரியாமல் அடம்பிடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சரக்கும் படலத்தோடு போகும். அதைப் பொறுமையாகப் பிரிக்கத் தெரிந்த கை ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அவர் மூன்று மாதம் முன்பு விலகிவிட்டார்.

டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் ஒரே மூச்சாக முடிக்கலாமே என்கிறார்கள். அமிலம் சங்கிலியை அறுக்கும். மூலக்கூறு எடை பார்த்து வாங்கும் உங்களுக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

ஆகவே இனி புரதத்தைத் துண்டுதுண்டாக்கும் புரோட்டினேஸ் கே நொதி. நொதியும் புரதம்தானே, அதை வெளியேற்றக் கடைசியாக ஒரு செவாக் சுற்று. அப்புறம் டயாலிசிஸ்: சிறு துண்டுகள் சவ்வு வழியே வெளியேற, சரக்கு உள்ளே நிற்கும். துண்டான பெப்டைடுகள் பிராட்ஃபோர்ட் சோதனையில் சரியாகச் சிக்காது. டயாலிசிஸை அவசரப்படுத்தினால் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும், சரக்கு இருக்காது. அதனால் இனி டெலிவரி ஒரு வாரம் தள்ளிப்போகும். இடைப்பட்ட இரண்டு லாட்களில் செவாக் சுற்றுகள் குறைந்து, லேபிளில் போட்டதைவிடப் புரதம் சற்றுக் கூடிவிட்டது. அவற்றை மாற்றித் தருகிறோம்.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் வழக்கம்போல ஆர்டர் அனுப்பியவர்களை மறக்க மாட்டோம். பேச்சைத் தொடங்கிய ஆய்வகத்துக்கும் புதிய லாட்டில் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறோம், கூடவே பிராட்ஃபோர்ட் சாயமும்.

அன்புடன்,
உரிமையாளர்