மாத்திரையும் மறதியும்

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள ராஜூவுக்கு,

மனச்சோர்வு மாத்திரையால் மறதிநோய் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தங்கச்சி சரோஜா எஸ்சிடலோப்ராம் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். முதல் வேலையாக டாக்டரிடம் சொல்லிவிடு. அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள், நினைவுக்கு வேண்டிய அசிடைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. அவற்றை நெடுநாள் சாப்பிட்ட முதியவர்களிடம் மறதிநோய் சற்று அதிகம் என்று 2019-இல் பிரிட்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. எஸ்சிடலோப்ராம் அந்த வகை இல்லை. இதில் நாம் கவனிக்க வேண்டியவை, இரத்தத்தில் சோடியம் குறைவதும் கால் தடுமாறி விழுவதும்தான்.

மருந்து இருக்கட்டும், மனச்சோர்வு நோயே மறதியைக் கொண்டுவருமா என்று கேட்டிருந்தாய். லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரை 28 ஆண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு 2017-இல் சொன்னது என்னை யோசிக்க வைத்தது: நடுவயதில் வந்த மனச்சோர்வுக்கும் மறதிநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை, ஆனால் மறதிநோய் வந்தவர்களிடம், அது உறுதியாவதற்கு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சோர்வு ஏறத் தொடங்கியிருந்தது. அப்படியானால் முதுமையில் புதிதாக வரும் சோர்வு, சிலருக்கு மறதிநோயின் முதல் அடையாளமாகவே இருக்கலாம். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழுவோ 2024-இல், மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய 14 காரணிகளில் மனச்சோர்வையும் சேர்த்திருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

என் அக்காவைப் போன ஐப்பசியில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இன்று என்ன கிழமை என்றார், “தெரியல.” காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றார், “தெரியல.” முந்தானை நுனியைச் சுருட்டியபடி, யோசித்துப் பார்க்கக்கூட முனையாமல் எல்லாவற்றுக்கும் அதே பதில். மறதிநோய்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மறதிநோய்க்காரர் பெரும்பாலும் எதையாவது சொல்லி ஒப்பேற்றப் பார்ப்பார் என்றும், இப்படிக் கைவிடுவது சோர்வில்தான் அதிகம் என்றும் டாக்டர் விளக்கினார். 1961-லேயே கைலோ என்ற மருத்துவர் இந்தப் போலி மறதியைப் பற்றி எழுதியிருக்கிறாராம். சோர்வுக்கு மருந்து தொடங்கி ஆறு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. பத்தாவது வாரம், பால் கணக்கில் இரண்டு பாக்கெட் கூடுதலாக எழுதியிருப்பதைக் கண்டுபிடித்து அக்கா வாசலில் நின்று சண்டை போட்டாள். அந்தச் சண்டையைக் கேட்டு மகிழ்ந்தவன் தெருவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!

ஆனாலும் இப்படித் தேறியவர்களில் கணிசமானோருக்குப் பின்னாளில் உண்மையான மறதிநோய் வந்திருப்பதால், ஆண்டுதோறும் நினைவுச் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். மருந்து கேட்காவிட்டாலும் உடனே பயந்துவிடாதே. முதல் மருந்திலேயே முழுதாகத் தேறுகிறவர்கள் மூன்றில் ஒருவர்தான். மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுபட்டு, திட்டமிட்டுச் செய்யும் திறன் குறைந்தவர்களுக்கு மருந்து மெதுவாகவே கேட்கும். அதனால் தங்கச்சியின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிடு.

முடிந்தால் இங்கே அழைத்து வா. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024-இல் திறந்திருக்கிறார்கள். வரும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வா. சிறுநீர் அடக்க முடியாமைக்கும் சளிக்கும் தருகிற சில மருந்துகளிலும் நான் மேலே சொன்ன அந்தத் தடுப்பு வேலை உண்டு.

அன்புடன்,
சந்தானம்