2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: நமக்கென்று ஒரு முகவரி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர் அண்ணாவியார் ஐயா அவர்களே, நிர்வாக சபையினரே, கல்லடியிலிருந்தும் ஆரையம்பதியிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டில் நிர்வாக சபை 9 தடவை கூடியது. பௌர்ணமி தின வாசிப்பு வட்டம் மழைக்கால மாதம் ஒன்று நீங்கலாகத் தடையின்றி நடந்தது. ஜூலையில் சுவாமி விபுலாநந்தர் நினைவு நாளையும் வழமைபோல் நடத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இணையத்தில் நமக்கென்று ஒரு முகவரி தேடிக்கொண்ட கதையைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இவ்வாண்டின் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போனது.

பெரிய சமூக வலைத்தளம் ஒன்றில் நமது சங்கத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. ஒன்பது வருடப் படங்கள், கண்ணகியம்மன் குளிர்த்திக் காலத்துக் காணொளிகள், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஐயா மத்தளம் அடித்துப் பாடிக்காட்டிய வடமோடிக் கூத்துப் பாடல்களான தருக்கள் எல்லாம் அதில்தான். 2023 மார்கழியில், கூத்துப் பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவுத் தரு ஒன்று யாரோ வெளியிட்ட ஒலிப்பதிவோடு ஒத்துப்போகிறது, பதிப்புரிமை மீறல் என்று எச்சரிக்கை வந்தது. மூன்றாவது எச்சரிக்கையோடு பக்கமே இல்லாமற் போய்விட்டது. மேன்முறையீடு செய்தேன். வந்த பதில்கள் எல்லாம் ஒரே ஆங்கில வாசகம். ஐயாவிடம் போய்ச் சொன்னேன். மத்தள வாரை இறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எங்கட அப்பா பாடின தருவ நான் பாடினா களவாமா மனே?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தை மாதக் கூட்டத்தில் மாஸ்டடான் பற்றிப் பேசினோம். ஜெர்மனியில் ஓய்கன் ரோச்கோ என்பவர் 2016இல் தொடங்கிய, சமூக வலைத்தளம் நடத்துவதற்கான மென்பொருள் அது. யாரும் இலவசமாக எடுத்துத் தமது சேர்வரில், அதாவது எந்நேரமும் இணையத்தில் இயங்கும் கணினியில், நிறுவலாம். சட்டதிட்டம் வகுப்பதும் பொறுப்பேற்பதும் நிறுவியவரே. இந்தச் சேர்வர்கள் தமக்குள் செய்தி பரிமாறும் பொது முறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். வலை நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை 2018 சனவரியில் நியமமாக ஏற்றது. "அப்ப நம்மட ஆக்கள் மட்டும்தானா பார்க்கிற?" என்று ஒரு மூத்த அங்கத்தவர் கேட்டார். டயலொக் சிம்மிலிருந்து மொபிட்டலுக்கு எடுத்துக் கதைக்கிறோமே, அப்படித்தான் என்று தலைவர் விளக்கினார். நமது சேர்வரில் எழுதுவதை ரொறன்ரோவில் வேறொரு சேர்வரில் இருப்பவரும் பார்க்கலாம், பதில் எழுதலாம். இரண்டு பேரும் ஒரே கம்பனியின் வளவுக்குள் நிற்கத் தேவையில்லை.

முதலில் நாம் சொந்தமாக நிறுவவில்லை. வெளிநாட்டில் ஒருவர் தன் செலவில் நடத்திய சேர்வரில் கணக்குத் திறந்தோம். வைகாசியில் அவர், இனிச் செலவைத் தாங்க முடியாது என்று மூன்று மாத முன்னறிவித்தல் தந்தார். நல்ல மனிதர், சொல்லிவிட்டு மூடினார். நம்மைப் பின்தொடர்ந்தோரைப் புதிய இடத்துக்குக் கூட்டிவர முடிந்தது. எழுதிய பதிவுகளைக் கொண்டுவர மாஸ்டடானில் வழியில்லை. பிரதி எடுத்துக் கோப்பாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பரவலாக்கம் என்றாலும் இன்னொருவர் வீட்டுத் திண்ணை திண்ணைதான் என்று அன்று விளங்கியது. ஆடியில் டொமைன் எனப்படும் சொந்த இணைய முகவரி வாங்கி, மாத வாடகைக்கு ஒரு சிறிய சேர்வரும் எடுத்தோம்.

ஒக்டோபரில் அது நின்றுபோனது. 40 ஜிபி இடமும் நிரம்பியிருந்தது. நமது படங்கள் அதில் சிறு பங்குதான். நாம் பின்தொடரும் வெளிச் சேர்வர்களின் படங்களையும் மாஸ்டடான் பிரதியெடுத்துச் சேமிக்கும் என்பது எனக்குத் தெரியாது. இரவு ஒரு மணிவரை நானும் உதவிச் செயலாளர் தங்கச்சியும் இருந்து துப்புரவு செய்தோம். இப்போது ஏழு நாளுக்கு மேற்பட்ட வெளிப்படங்கள் தானாக அழிகின்றன. விடிய விடிய ஆடும் கூத்தின் முழுப் பதிவுக்கு இந்த இடம் காணாது. அவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறோம். பிரெஞ்சு அமைப்பான பிராமசொப்ட் உருவாக்கிய, காணொளி பகிரும் பியர்டியூபில், தெரிந்தெடுத்த தருக்களை மட்டும் ஏற்றத் தொடங்கியுள்ளோம். முதலில் ஏற்றியது ஐயாவின் அந்த வரவுத் தரு.

இந்த முகவரியின் அருமை நவம்பர் கடைசி வாரத்து வெள்ளத்தில் தெரிந்தது. கன்னன்குடாவிலிருந்து நமது அங்கத்தவர் ஒருவர் மணிக்கொரு தடவை வீதியில் தண்ணீரின் அளவைப் போட்டுக்கொண்டிருந்தார்: முழங்கால், தொடை, பிறகு "டிரக்டர் மட்டும்". மாஸ்டடானில் பதிவுகள் எழுதிய நேர ஒழுங்கில் வருவதால் கடைசி அளவு எப்போதும் மேலே நின்றது. பெரிய தளத்தில், அதிகம் பேர் விருப்பம் போட்ட "பாதை திறந்திருக்கு" என்ற நேற்றைய பதிவைப் பார்த்துப் புறப்பட்டு, பாதிவழியில் திரும்பியவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள்.

மட்டுறுத்தல், அதாவது தகாத பதிவுகளைக் கவனித்து நீக்குவது, பற்றியும் சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்து உணவுக்கடையில் கருத்தடை மாத்திரை கலந்ததாக எழுந்த பொய்க்கதையால் பள்ளிவாசல் தாக்கப்பட்டதை நம்மில் எவரும் மறக்கவில்லை. பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்துத் திகனயில் மூண்ட கலவரத்தில் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு 2020இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நமது சிறிய சேர்வரிலும் பொய் வரலாம். ஆனால் இங்கு முறைப்பாட்டை வாசிப்பவர்கள் காத்தான்குடியில் ஒரு ஆசிரியை, ஆரையம்பதியில் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர். இருவரும் தொலைபேசியில் பேசித்தான் எதையும் நீக்குகிறார்கள். இவ்வாண்டு நீக்கியது ஒன்றே: உறுதிப்படுத்தாத "பிள்ளையைக் காணவில்லை" படம். சனவரியில் நிறைவேறிய, இணையப் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் நமது பொறுப்பு என்ன என்பதைச் சட்டத்தரணியான அங்கத்தவர் வாசித்து எழுத்தில் தர இசைந்துள்ளார்.

குறை உண்டு. 86 அங்கத்தவர்களில் 31 பேரே கணக்குத் திறந்துள்ளனர். இளையவர்கள் கூட்டாளிமார் இருக்கும் இடத்தை விட்டு வரமாட்டார்கள், அதில் பிழையில்லை. அவசர அறிவித்தலுக்கு வட்ஸ்அப் குழுவை நாமும் வைத்திருக்கிறோம். ஆனால் மூலப்பிரதி முதலில் நமது முகவரியில், பிறகு மற்ற இடங்களில் என்ற ஒழுங்கை எல்லோரும் கைக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இரண்டு தீர்மானங்களைச் சபை முன் வைக்கிறேன். ஒன்று, சேர்வரைப் பராமரிக்க என்னைத் தவிர இன்னும் இருவரைப் பழக்குதல். நான் காய்ச்சலில் கிடந்த நான்கு நாளும் அதைப் பார்க்க ஆளில்லை. மற்றது, டொமைன் புதுப்பிக்கும் பணத்தை ஒவ்வொரு ஆனியிலும் வேறு எந்தச் செலவுக்கும் முன் ஒதுக்கிவைத்தல். கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் பொருளாளர் வீட்டு இரும்பு அலுமாரியில் இருக்கின்றன.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்