ழகரம் எந்தத் தாளில் வரும்? – மொழியியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

'மொழி வேறுபாடும் மாற்றமும்' என்ற கட்டாயத் தாளை விருப்பத் தாளாக்கி, கணினி மொழியியல் நடக்கும் அதே பாடவேளையில் வைத்திருக்கிறீர்கள். இனி அதை யார் எடுப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஒலி, சமூகம், வரலாறு மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் தாள் அது. அதை மறுபடி கட்டாயத் தாளாக்க வேண்டும். இதுதான் என் வேண்டுகோள்.

என் ஆய்வு மாணவிக்கு நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மதுரைப் பழச் சந்தையில் யாரிடம் பேசும்போது ழகரம் ளகரமாகிறது, யாரிடம் ழகரமாகவே நிற்கிறது என்று பதிவு செய்து வந்தார். மொழியின் ஒலியமைப்பை ஆராயும் ஒலியனியல் வல்லுநர் 'இது சமூகவியல்' என்றார். சமூக மொழியியல் வல்லுநர் ஒலிவரைபடங்களைப் புரட்டிவிட்டு 'இது ஒலியியல்' என்றார். வரலாற்று மொழியியல் வல்லுநரோ, இன்றைய சந்தைப் பேச்சில் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். தலைப்பை மாற்றி மாற்றி எழுதியதிலேயே உதவித்தொகைக் காலம் முடிந்தது. இப்போது அவர் ஒரு பள்ளியில் இலக்கணம் நடத்துகிறார்.

மூன்றாமவரின் கேள்விக்கு அன்று பதில் சொல்ல நேரம் தரப்படவில்லை. 'கோழி' மலையாளத்திலும் கோழிதான். கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. 'ஏழு' கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. பழங்கன்னடத்தில் ழகரத்துக்குத் தனி எழுத்தே இருந்தது. ஒலி போனது, பின்னால் எழுத்தும் போனது. கன்னடத்தில் முடிந்துவிட்ட ஒன்றின் நடுவழியை மதுரையில் காதால் கேட்கலாம். எந்தச் சொல்லில், எவர் வாயில் மாற்றம் முதலில் நுழைகிறது என்பதைக் கல்வெட்டு அரைகுறையாகத்தான் சொல்லும். பழக்கடைக்காரர் முழுதாகச் சொல்வார்.

அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டு தீவைப் பற்றி மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1963இல் வெளியிட்ட ஆய்வும் இப்படித்தான். உயிரொலிகளைக் கருவி கொண்டு அளந்தார். 1930களில் தொகுத்த பதிவுகளோடு ஒப்பிட்டார். கோடையில் வந்திறங்கும் வெளியூர்க்காரர்கள் மீது தீவுக்காரர்களுக்கு இருந்த எரிச்சலோடு இணைத்தார். நம்மிடம் வந்திருந்தால் அந்த மூன்று வல்லுநர்களின் அறைகளும் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும். நல்லவேளை, அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார்.

கணினி மொழியியலுக்கு இடம் வேண்டித்தான் இந்த மாற்றம் என்கிறார்கள். செய்தி வாசிப்பவரின் தமிழை மட்டும் கேட்டுப் பழகிய மென்பொருள், 'வாளப்பளம்' என்பவரை என்ன செய்யும்? அவரையும் விருப்பத் தாளில் சேர்க்குமோ? கருத்தரங்குதோறும் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்று முழங்குகிறோம். கழிவதையும் புகுவதையும் ஆராயும் தாளைத்தான் முதலில் கழித்திருக்கிறோம்.

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: அந்தத் தாளைக் கட்டாயமாக்குங்கள். இந்த ஆண்டு முடியாதென்றால் பாடவேளையையாவது மாற்றுங்கள். ஓர் ஆய்வுத் தலைப்பு மூன்று துறைகளைத் தொட்டால், மூவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே முடிவாகச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
உங்கள் துறை ஆசிரியர்களில் ஒருவன்