ஆஸ்துமா இழுப்பு முற்றினால் முதல் 10 நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனி, ஆடிச் சாரல் பிடித்துக்கொண்டால் செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கம் இழுப்புக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். ஈரச் சுவரில் பூஞ்சை, கதவடைத்த வீட்டுக்குள் கொசுவர்த்தி, போதாததற்குச் சாம்பிராணி. இழுப்பு முற்றியதும் வீட்டார் ஆட்டோ தேடி, 'வாயு வைக்கிற' ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். ஓடத்தான் வேண்டும். ஆனால் அங்கே நெபுலைசரில் (மருந்தைப் புகைபோல ஆக்கும் கருவியில்) ஊற்றும், மூச்சுக்குழாயைத் திறக்கும் சால்பூட்டமால்தான் வீட்டு அலமாரியில் கிடக்கும் பஃப்பிலும் (இன்ஹேலரிலும்) இருக்கிறது. பஃப்புக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் என்கிற குடுவையை வைத்து ஒழுங்காகக் கொடுத்தால் பெரும்பாலோருக்கு அது நெபுலைசருக்குச் சளைத்ததல்ல.

ஆளைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, முன்னால் ஒரு ஸ்டூலோ தலையணையோ போட்டு முழங்கையை ஊன்றச் சொல்லுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். பஃப்பை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒரே ஒரு அழுத்து. வாய் இறுகப் பிடித்தபடி நாலைந்து தடவை சாதாரணமாக மூச்சு விட்டு இழுக்கட்டும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி அடுத்தது. இப்படி 10 பஃப் வரை கொடுக்கலாம். அவசரத்தில் இரண்டு மூன்றைச் சேர்த்து அடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஸ்பேசர் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நெஞ்சுக்குப் போவது குறையும். கை நடுங்குகிறது, படபடப்பாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. அது மருந்தின் இயல்பான விளைவு, மூச்சடைப்புதான் ஆபத்து. குழந்தைக்கு முகமூடி வைத்த ஸ்பேசர். முகமூடிக்கும் கன்னத்துக்கும் இடையில் சந்து இருந்தால் மருந்து காற்றோடு போய்விடும்.

பஃப்பின் நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள். சால்மெட்டரால் கலந்த தினசரிப் பஃப் உடனே மூச்சுக்குழாயைத் திறக்காது. பொடி மாத்திரை போட்டு உறிஞ்சும் ரோட்டாஹேலருக்கு வேகமாக இழுக்கும் தெம்பு வேண்டும். மூச்சுக்குத் தவிப்பவரிடம் அது ஏது? இன்னொன்று, 200 பஃப் உள்ள டப்பாவில் எண்ணிக்கை தீர்ந்த பிறகும் புஸ்ஸென்று காற்று வரும், அதில் மருந்து இருக்காது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் பயனில்லை. பிரித்த தேதியை மேலே எழுதி, கணக்கு வைத்துக்கொள்வதுதான் வழி. வாரக்கணக்கில் தொடாத பஃப்பை முதலில் இரண்டு மூன்று முறை காற்றில் அடித்துவிட்டுக் கொடுங்கள்.

ஸ்பேசர் வாங்க வசதியில்லையா? அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். 1999-இல் கேப்டவுனில் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், இடைவெளி அடைத்த 500 மி.லி. பாட்டில் கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. பாட்டிலின் அடியில் பஃப்பின் வாய் அளவுக்குச் சூடுகாட்டித் துளை போட்டு, பஃப்பை இறுக்கிச் செருகி, ஓரத்தை டேப்பால் சுற்ற வேண்டும். பாட்டில் கழுத்து நோயாளியின் வாயில். சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டும். இதெல்லாம் சாரலுக்கு முன்பே செய்து வைக்க வேண்டிய வேலை. இரவு 2 மணிக்குக் கத்தியைச் சூடாக்கிக்கொண்டிருக்க முடியாது. அப்போது ஸ்பேசர் இல்லையென்றால் நேராக வாயிலேயே அடியுங்கள்.

ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை, பெரியவருக்கு நிமிடத்துக்கு 25-க்கு மேல் மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, ஆள் சோர்ந்து கண் செருகுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் 10 பஃப் முடியட்டும் என்று காத்திராமல் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் பஃப் கொடுக்க வேண்டும். இவை இல்லாவிட்டாலும், 10 பஃப்புக்குப் பிறகு தெளிவில்லை என்றால் அழையுங்கள். வண்டி வரும்வரை மறுபடி தொடருங்கள். இழுப்புச் சத்தம் திடீரென்று அடங்கிவிட்டால் 'சரியாயிருச்சு' என்று படுக்கவைக்கிறார்கள். ஆள் தெளியாமல் சத்தம் மட்டும் நின்றால், சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவி 95 காட்டுகிறதே என்று இருந்துவிடவும் கூடாது. ஆக்சிஜன் தாமதமாகவும் இறங்கலாம். சாரலில் விறைத்த விரலில் தப்பாகவும் காட்டும்.

108 தமிழ்நாடு, கேரளா இரு மாநிலத்திலும் உண்டு. ஆனால் எல்லையில், புளியரைக்கும் கேரளப் பக்கத்து ஆரியங்காவுக்கும் இடையில் செல்போன் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அழைப்பு அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். எடுத்ததும் மாநிலம், மாவட்டம், ஊர், சாலையில் தெரியும் அடையாளம், இந்த வரிசையில் சொல்லுங்கள். பைக்கில் இருவர் நடுவே உட்காரவைத்துக் குளிர்காற்றில் கொண்டுபோவது கடைசி வழி. போகிற வழியில் ஒரு பஃப்கூடக் கொடுக்க முடியாது.

ஆவி பிடிப்பது, நெஞ்சில் தைலம் தேய்ப்பது இந்த நேரத்தில் உதவாது. மருத்துவர் அவசரத்துக்கென்று முன்பே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் தொடக்கத்திலேயே போடுங்கள், அது வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும்.

சுகாதாரத் துறைக்கு ஒரு கோரிக்கை. இன்ஹேலர் கொடுக்கும் இடத்திலேயே ஸ்பேசரும் கொடுத்து, நோயாளியையும் வீட்டில் உள்ள ஒருவரையும் அங்கேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்ல வேண்டும். சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதாது.

இப்படிக்கு,
நெஞ்சகப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
செங்கோட்டை.