மூன்று நாள் முகாமில் பிரசங்கம் திருந்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட நாள் ஊழியம் செய்த போதகர்களுக்காக பெங்களூருவில் நடந்த மூன்று நாள் பிரசங்கப் பயிற்சி முகாம் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாளெல்லாம் சொற்பொழிவு கேட்டு, கோப்பும் பேனாவும் வாங்கிக்கொண்டு போனால் அடுத்த ஞாயிறு பழைய பிரசங்கம்தான் வரும்.

இறையியல் மாணவர் பிரசங்கம் செய்தால் ஆசிரியரும் சக மாணவர்களும் உட்கார்ந்து அலசுவார்கள். குருப்பட்டம் பெற்றபின் அதைச் செய்ய ஆளில்லை. வாசலில் கைகொடுத்து "நல்ல மெசேஜ் பாஸ்டர்" என்பதோடு சரி. ஞாயிறுகளோடு லெந்து (தவக்காலக்) கூட்டம், கல்யாணம், அடக்க ஆராதனை எல்லாம் சேர்த்தால் இருபது வருடத்தில் ஆயிரம் பிரசங்கம் தாண்டிவிடும். அத்தனையிலும் ஊறிய பழக்கத்தை வகுப்பு நடத்தி மாற்ற முடியாது. அவர் பேசியதை அவரே கேட்க வேண்டும்.

இப்போது பல சபைகளில் ஆராதனை யூடியூபில் வருகிறது, பதிவுக்குப் பஞ்சமில்லை. கடைசியாகச் செய்த பிரசங்கத்தில் முதல் ஐந்து நிமிடத்தையும் கடைசி ஐந்து நிமிடத்தையும் போதகர் தம் கையாலேயே எழுதட்டும். "பிரியமானவர்களே", "இன்னொரு காரியம் என்னவென்றால்", இருமல், திரும்பச் சொன்னது, ஒன்றும் விடாமல். பிறகு வசனத்தை விளக்கும் வரிகளுக்கு நீலம், உதாரணக் கதைக்குப் பச்சை, கேட்பவரின் வாழ்க்கையைத் தொடும் வரிக்குச் சிவப்பு. தாள் முழுக்கப் பச்சையாக இருந்தால் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதல் "முடிக்கிறேன்" சொன்னபின் எத்தனை நிமிடம் பேசினார் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது. அந்த எண்ணைப் பார்த்துத் திடுக்கிடாதவர் குறைவு.

அடுத்தது குழு. ஆறு பேர், மாதம் ஒரு முறை, இரண்டரை மணி நேரம், ஒவ்வொரு அமர்விலும் ஒருவருடைய பிரசங்கம். பதிவைக் கேட்டு முடித்ததும் மற்ற ஐவரும் "இந்தப் பிரசங்கம் சொன்னது என்ன?" என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் படிக்க வேண்டும். பிரசங்கியார் அதுவரை வாய் திறக்கக் கூடாது. ஐந்து தாளிலும் ஐந்து விதமாக இருந்தால், பிரசங்கத்துக்கு நடுப்புள்ளி இல்லை என்று பொருள். பிறகு எந்த நிமிடத்தில் கவனம் வெளியே போனது என்று ஆளாளுக்குச் சொல்லலாம். பாராட்டும் ஆலோசனையும் கடைசி அரை மணிக்கு. போதகர்களின் இடமாறுதல் உத்தரவில் கையெழுத்துப் போடும் மேலதிகாரியை மட்டும் குழுவில் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் உண்மை பேச ஆளிருக்காது. வேறு திருச்சபையிலிருந்து இருவர் இருப்பது நல்லது.

சபையிலிருந்து நான்கு பேரிடமும் கேட்க வேண்டும்: தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது என்ற நிலையில் ஒரு பிள்ளை, இரவுப் பணி முடித்து நேராக ஆராதனைக்கு வரும் ஒருவர், ஒரு குடும்பத் தலைவி, ஒரு பெரியவர். கேட்பது ஞாயிறன்று அல்ல, புதன்கிழமை. அதுவரை தங்கியிருப்பதுதான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

வேதபகுதியைக் கையாள்வதில்தான் பழுத்தவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தெரிந்த வசனம் என்ற தைரியத்தில் முன்னும் பின்னும் பார்ப்பதில்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வரும். பழைய மொழிபெயர்ப்பில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்றிருப்பதால், கேட்பவர் தாம் எதிர்பார்க்கும் விசா, வேலை, வரன் என்று எடுத்துக்கொள்கிறார். எபிரெயத்தில் இருப்பவை அகரித், திக்வா என்ற இரண்டு சொற்கள்: எதிர்காலம், நம்பிக்கை. திருவிவிலியம் என்ற பிந்தைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அப்படித்தான். இந்த அதிகாரமே பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம்; ஒரு வசனம் மேலே போனால் பாபிலோனில் எழுபது வருடம் என்று இருக்கிறது. முந்தைய அதிகாரத்தில் இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று சொன்னவன் அனனியா, அவனைக் கர்த்தர் அனுப்பவில்லை என்கிறது வேதம். எரேமியாவின் வசனத்தைப் படித்துவிட்டு அனனியாவின் பிரசங்கத்தைச் செய்கிறோம் என்பது இரண்டு அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால்தான் உறைக்கும். அதே கடிதத்தில், குடியேறிய பட்டணத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றும் இருக்கிறது. பெங்களூருவின் லிங்கராஜபுரத்திலும் அல்சூரிலும் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்ச் சபைக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி ஏது?

பக்கத்தில் ஒருவர் வரிக்கு வரி மொழிபெயர்க்கப் பேசுவது இந்த ஊரில் அடிக்கடி வரும் சிக்கல். முப்பது நிமிடம் கொடுத்தால் கையில் இருப்பது பதினைந்துதான். ஆனால் முப்பது நிமிடக் குறிப்போடு ஏறி, பாதியில் மூன்றாம் குறிப்பை விழுங்கிவிடுகிறார்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், நீண்ட வாக்கியமானால் ஆங்கிலத்தில் சொல்பவர் முடிவு தெரியாமல் காத்திருக்க வேண்டும் அல்லது ஊகித்துச் சொல்ல வேண்டும். கன்னடத்துக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, சொல்லமைப்பு ஒன்றுபோலவே போகிறது. வாக்கியம் எட்டுச் சொல்லுக்குள் நிற்கட்டும். எதுகையையும் சிலேடையையும் விட்டுவிடலாம், அவை மறுகரை சேராது. வசனங்களைச் சனிக்கிழமையே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் இடம் தேடி அலைய வேண்டாம். 1910-ல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி, கொத்தனூரில் சயாக்ஸ் என்ற இறையியல் கல்லூரி, கத்தோலிக்கர் தரப்பில் அமலோர்பவதாஸ் அடிகளார் உருவாக்கிய என்.பி.சி.எல்.சி. (தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம்) எல்லாம் இங்கேயே இருக்கின்றன. ஆனால் இறையியல் கல்லூரிகளில் பாடம் ஆங்கிலத்தில். தமிழில் பிரசங்கிப்பவரைத் தமிழில் அலச, மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியரை இரண்டு அமர்வுக்கு அழைத்தால் போதும். லெந்திலும் டிசம்பரிலும் எந்தப் போதகருக்கும் நேரம் இருக்காது. ஜூனில் தொடங்கினால் நவம்பருக்குள் ஆறு பேருக்கும் ஒரு சுற்று முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெங்களூரு.