அன்சப்ஸ்கிரைப் செய்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேண்டாத மெயில் எது வந்தாலும் அடியில் இருக்கும் 'அன்சப்ஸ்கிரைப்' (பட்டியலிலிருந்து விலகும்) லிங்கை அழுத்தினால் போதும், ஒரே வாரத்தில் இன்பாக்ஸ் சுத்தமாகிவிடும் என்று சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு வரி வந்திருக்கிறது. மெயில்களைச் சேமித்து அனுப்பும் சர்வர் கணினிகளோடு மல்லுக்கட்டுவதையே பிழைப்பாக வைத்திருப்பவன் சொல்கிறேன்: இன்பாக்ஸ் சுத்தமாகாது, முகவரிக்கு விலைதான் ஏறும்.

'எது வந்தாலும்' என்றதில்தான் கோளாறே. நாமே எப்போதோ பதிவு செய்துகொண்ட, பெயர் தெரிந்த நிறுவனத்தின் செய்திமடல் ஒரு ரகம். எங்கிருந்தோ முகவரியைக் கறந்து அனுப்பப்படும் குப்பை இன்னொரு ரகம். முதல் ரகத்துக்கு அன்சப்ஸ்கிரைப் சரிதான். அதுவும் மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைத் தேட வேண்டாம். அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டுகிறதே, அதை அழுத்தலாம். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் விளம்பர மெயில் அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தில் விலகும் வசதியைத் தர வேண்டும், இரண்டு நாளுக்குள் பெயரை நீக்க வேண்டும் என்று 2024இல் கூகுள் விதி கொண்டுவந்துவிட்டது.

இரண்டாம் ரகத்தில் அந்த லிங்க் ஒரு தூண்டில். ஒவ்வொருவருக்கும் போகும் லிங்கில் அவரவருக்கென்று தனிக் குறியீடு ஒட்டியிருக்கும். அழுத்திய மறுநொடி, இந்த முகவரி உயிரோடு இருக்கிறது, ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கிறார் என்று அனுப்பியவனுக்குத் தெரிந்துவிடும். அப்படி உறுதியான முகவரிக்கு ஸ்பேம் (குப்பை மெயில்) சந்தையில் மவுசு அதிகம். கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள்.

அழுத்தவே வேண்டாம், திறந்தாலே போதும் என்பதையாவது எழுதியிருக்கலாம். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புள்ளி அளவில் ஒரு படம் இருக்கும். அது அனுப்பியவனின் சர்வரிலிருந்து இறங்கும்போதே திறந்த சேதி அங்கே பதிவாகிவிடும். ஜிமெயில் 2013 முதல் படங்களைத் தன் சர்வர் வழியாகக் கொண்டுவருவதால் நாம் இருக்கும் இடம் மறையும். திறந்தோம் என்பது மறையாது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, 'செட்டிங்ஸ்', அதில் 'ஜெனரல்', அதில் 'இமேஜஸ்' என்று போய், கேட்டுவிட்டுப் படம் காட்டும் தேர்வை வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அரை நிமிட வேலை. கால் பக்கக் கட்டுரையில் இதற்கு இடமில்லை, பெட்டி நிறைய சிரிப்புப் பொம்மைக்கு இடமிருக்கிறது.

சென்ற வருடம் இதே பக்கத்தில், தொல்லை தருபவரை 'பிளாக்' செய்யுங்கள், அடங்காவிட்டால் காட்டமாகப் பதில் போடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்போதே எழுதியிருக்க வேண்டும், பொறுத்துக்கொண்டேன். 'ஃப்ரம்' என்ற இடத்தில் தெரிவது தபால் உறையின் பின்பக்கம் எழுதும் பெயர் மாதிரி. யார் பெயரையும் எழுதலாம். குப்பை அனுப்புகிறவன் ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பெயரில் வருவான். எத்தனை பேரை பிளாக் செய்வது? காட்டமான பதிலோ, பெயர் திருடப்பட்ட ஏதோ ஓர் அப்பாவியின் இன்பாக்ஸில் போய் விழும். சந்தேகம் வந்தால் மெயிலின் மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' பார்க்கட்டும். அனுப்பியவர் முகவரி உண்மையா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளுக்கும் எதிரே 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்றிருக்கும். ஃபெயில் என்றால் உஷாராக வேண்டும். பாஸ் என்றால் அந்த டொமைனிலிருந்துதான் (@ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வந்தது என்று மட்டுமே அர்த்தம். திருடனும் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி மூன்றிலும் பாஸ் வாங்கலாம்.

அறிமுகமில்லாத குப்பைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: திறக்காமலே தேர்ந்தெடுத்து 'ரிப்போர்ட் ஸ்பேம்'. வெறுமனே டெலீட் செய்தால் ஜிமெயிலின் குப்பை வடிகட்டி எதையும் கற்றுக்கொள்ளாது. ஆனால் நாமே கேட்டு வாங்கிய செய்திமடல் சலித்துப்போனதற்காக அந்தப் பொத்தானை அழுத்துவது அநியாயம். ஆயிரத்துக்கு மூன்று பேர் அப்படிச் செய்தாலே அனுப்புகிறவரின் மெயில்கள் மற்றவர்களுக்கும் போய்ச் சேராமல் தடுமாறும். மெயில் சர்வர் நடத்துகிறவர்களைக் கேளுங்கள், கண்ணீர் விடுவார்கள்.

முகவரி வெளியே போகாமல் காப்பதுதான் பெரிய வேலை. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வங்கிக்கும் அரசு வேலைகளுக்கும் ஒரு முகவரி, அதை வேறு எங்கும் தரக்கூடாது. மனிதர்களுக்கு ஒன்று. கடை, போட்டி, பதிவுப் படிவம் எல்லாவற்றுக்கும் மாற்று முகவரிகள். ஜிமெயிலில் பெயருக்குப் பிறகு, @ குறிக்கு முன், ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாலும் மெயில் நம் பெட்டிக்கே வரும். யார் கசியவிட்டார்கள் என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்கும். கூட்டல் குறிக்குப் பிந்தையதை வெட்டி எறிய ஸ்பேம்காரனுக்கு ஒரு வரி நிரல் போதும் என்பதால் இது உளவுக்குத்தான் உதவும், பூட்டாக நிற்காது. பூட்டு வேண்டுமானால் ஃபயர்பாக்ஸ் ரிலே, சிம்பிள்லாகின், ஆப்பிளின் 'ஹைட் மை இமெயில்' போன்றவை தரும் மறைமுகவரிகள்; அவற்றுக்கு வருவது நம் உண்மையான பெட்டிக்கே வந்து சேரும். குப்பை வரத் தொடங்கினால் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடலாம். பத்து நிமிடத்தில் மறையும் தற்காலிக முகவரியை மட்டும் கணக்குத் தொடங்கப் பயன்படுத்தக்கூடாது. கடவுச்சொல் மறந்துபோனால் மீட்கும் மெயில் எங்கே வரும்?

அப்படியே கவனமாக இருந்தாலும் உங்கள் பத்திரிகை விடுகிறதா? உங்கள் சந்தாப் படிவத்தில் கூட்டல் குறி போட்டால் 'தவறான முகவரி' என்று சிவப்பில் அதட்டுகிறது. அது முற்றிலும் செல்லுபடியாகும் குறி என்பது உங்கள் கணினிப் பிரிவுக்குத் தெரியாததல்ல. பங்குதாரர்களின் சலுகைகளை எனக்கு அனுப்பலாம் என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. நம் சம்மதத்தை நீங்களே கையெழுத்திட்டுவிடுகிறீர்கள். சந்தாதாரர்களுக்கு வாழ்த்து மடல் அனுப்பியபோது அத்தனை பேர் முகவரியையும் 'டூ' கட்டத்தில் வரிசையாக அடுக்கிப் பரிமாறினீர்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் அனுப்பும் 'பிசிசி' என்று ஒரு கட்டம் இருப்பது எதற்கு? அத்தனை பேரில் ஒருவர் கணினியில் வைரஸ் புகுந்தால் போதும், மொத்தப் பட்டியலும் அறுவடையாகிவிடும்.

போதாததற்கு, வாசகர் கடிதங்களுக்குக் கீழே மெயில் முகவரியை அப்படியே அச்சிடுகிறீர்கள். இணையப் பதிப்பிலும் அதே. முகவரி பொறுக்கும் நிரல்கள் முதலில் மேய்வது அங்கேதான். கேட்டால், @ குறிக்குப் பதில் 'அட்' என்று எழுதிவிட்டோம் என்பீர்கள். அந்தத் தந்திரத்தை அவை எப்போதோ கரைத்துக் குடித்துவிட்டன.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம்: பதிவு செய்த இடத்திலிருந்து விலக மட்டுமே அன்சப்ஸ்கிரைப், மற்றதற்கெல்லாம் ஸ்பேம் பொத்தான். சிரிப்புப் பொம்மையின் அளவைக் கொஞ்சம் குறைத்தால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பி.கு.: இந்தக் கடிதம் வந்திருக்கும் முகவரி உங்களுக்கென்றே நேற்று உருவாக்கிய மறைமுகவரி; வேறு யாருக்கும் தெரியாது. தயவுசெய்து அச்சிட வேண்டாம். அதற்கு முதல் விளம்பரம் வரும் நாளில் மறுபடி எழுதுகிறேன்.