வான் பாஸ்டனோட கணுக்கால் பத்தி ஃபிஃபாவுக்கு ஒரு திறந்த மடல்

ஃபிஃபால உக்காந்திருக்கிற பெரியவங்களுக்கும், ஐஎஃப்ஏபி-ன்னு வருஷா வருஷம் கூடி ரூல் புக்க திருத்துறவங்களுக்கும் வணக்கம்.

நெதர்லாந்து ஸ்ட்ரைக்கர் மார்கோ வான் பாஸ்டன்னு சொன்னா ஊர் உலகமே உடனே எடுத்து போடுறது ஒரே ஒரு கிளிப்தான், 1988 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை, அதோட ஃபைனல் கோல். போடுங்க, வேணாம்னு சொல்லல, நானும் அத எத்தனை தடவ பாத்திருக்கேன்னு கணக்கே இல்ல. ஆனா அந்த மனுஷன் கடைசி மேட்ச் ஆடுறப்ப அவருக்கு வயசு 28-தான். 28! ஒரு ஸ்ட்ரைக்கர் நல்லா பழுத்து வர்ற வயசு அது. ஏன் அப்படி ஆச்சுன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க, இத்தாலி டிஃபெண்டருங்க பின்னாடி இருந்து வெட்டி வெட்டியே கால காலி பண்ணிட்டாங்க, அப்புறம் ஃபிஃபா ரூல் கொண்டு வந்துச்சு, பிரச்சனை முடிஞ்சுதுன்னு. இது பாதி கதை. மிச்ச பாதி உங்களுக்கு கொஞ்சம் சங்கடமான பாதி, அதனாலதான் இந்த மடல்.

மொதல்ல அந்த முதல் காயம். 1986 டிசம்பர், நெதர்லாந்து லீக்ல அவரோட க்ளப் அயாக்ஸுக்கும் க்ரோனிங்கனுக்கும் மேட்ச். எவனோ வந்து இவர் கால உடைச்சான்னு நினைச்சீங்கன்னா தப்பு, டேக்கிள் போட்டதே இவருதான், தேவையே இல்லாத ஒரு டேக்கிள், அடி வாங்கினது அவரோட வலது கணுக்கால். 22 வயசு அப்போ. அதுக்கு முந்தின சீசன்லதான் லீக்ல 37 கோல் அடிச்சு ஐரோப்பாவோட கோல்டன் பூட் (லீக்ல அதிக கோல் அடிச்சவருக்கான விருது) வாங்கியிருந்தாரு, அயாக்ஸுக்கு மொத்தம் 133 லீக் மேட்ச்ல 128 கோல், அதாவது கிட்டத்தட்ட மேட்சுக்கு ஒண்ணு. அப்படிப்பட்ட ஆள ஆறு மாசம் ஓரமா உக்கார வைக்க யாருக்கு மனசு வரும்? கோச் யோஹன் க்ரைஃப், இவர் சின்ன வயசுலேருந்து தலைல தூக்கி வச்சு கொண்டாடின மனுஷன் (1982ல இவரு முதல் மேட்ச் இறங்குனதே க்ரைஃபுக்கு சப்ஸ்டிட்யூட்டாத்தான்), அவரோட ஒரு ஏற்பாடு, லீக் மேட்ச் சிலத விட்டுடலாம், ஐரோப்பிய கோப்பை மேட்ச் மட்டும் ஆடிடணும்னு. ஆடினாரு. 1987 மே மாசம் ஏதென்ஸ்ல கப் வின்னர்ஸ் கப் (அந்தந்த நாட்டு கோப்பைய ஜெயிச்ச க்ளப்புங்களுக்கான ஐரோப்பிய போட்டி) ஃபைனல், லைப்சிக் டீமோட, 1-0, ஒரே கோல், வான் பாஸ்டன் தலையால முட்டினது, கேப்டனும் அவருதான். கோப்பை கைல இருக்கு, கணுக்கால் போயாச்சு.

குருத்தெலும்புன்னு ஒண்ணு இருக்கு, மூட்டுக்குள்ள ரெண்டு எலும்பும் உரசாம இருக்கிறதுக்கான மெத்தை. அதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதனால ஒரு தடவ தேஞ்சா பழையபடி வளராது. வலிய மறைக்கிறதுக்கு ஊசி போடலாம், கட்டு போடலாம், மனசு இறுக்கமா இருந்தா பல்ல கடிச்சுக்கிட்டு ஓடலாம், ஆனா உள்ள தேயுறது தேஞ்சுக்கிட்டேதான் இருக்கும். இத உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, உங்ககிட்ட பெரிய மெடிக்கல் டிபார்ட்மெண்ட்டே இருக்கு.

1987ல இத்தாலி க்ளப் ஏசி மிலான் போறாரு, போன முதல் சீசனே லீக்ல 11 மேட்ச்தான், நடுவுல ஆபரேஷன். அதனாலதான் 1988 யூரோவுக்கு போறப்ப 12ஆம் நம்பர் ஜெர்சி, சோவியத் யூனியனோட முதல் மேட்ச்ல பெஞ்சு. அந்த மேட்ச்ல நெதர்லாந்து 0-1 தோத்த பிறகுதான் கோச் ரைனஸ் மிஷெல்ஸ் இவர ஸ்டார்ட்டிங்ல எடுக்குறாரு, எடுத்த கையோட இங்கிலாந்துக்கு ஹாட்ரிக், அப்புறம் ஹாம்பர்க்ல மேற்கு ஜெர்மனிய அவங்க ஊர்லயே வச்சு 88ஆவது நிமிஷத்துல முடிச்சது.

சரி, அந்த ஃபைனல் கோல், பேசாம இருக்க முடியல. ம்யூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியம், மறுபடியும் அதே சோவியத் யூனியன், குல்லிட் ஏற்கனவே ஒண்ணு அடிச்சு 1-0. இடது பக்கம் ஆர்னால்ட் மூரென், 37 வயசு, வந்த பந்த நிறுத்தாம அப்படியே தூக்கி விடுறாரு. உள்ளத சொன்னா அது ஒண்ணும் பிரமாதமான கிராஸ் இல்ல, ரொம்ப உயரம், ரொம்ப நேரம் காத்துலயே மிதக்குது, போய் இறங்குற இடம் பெனால்டி பாக்ஸோட வலது ஓரம். அங்க நின்னு பாத்தா கோல் போஸ்ட்டே ஒரு கீத்தாத்தான் தெரியும். வேற யாரா இருந்தாலும் பந்த நெஞ்சுல வாங்கி, திரும்பி, யாருக்காவது குடுக்கப் பாப்பான். இவரு தரைல படவே விடல, அப்படியே வலது கால சுழட்டி ஒரு வாலி, சோவியத் கீப்பர் டசாயெவ் சாதாரண ஆளா, அந்த காலத்துல உலகத்துலயே பெரிய கைன்னு பேரு எடுத்தவரு, அவர் தலைக்கு மேல போய் தூரத்து மூலைல விழுது. மிஷெல்ஸ் முகத்த கையால பொத்திக்கிறாரு. அத்தனை வருஷம் ஃபுட்பால்ல ஊறின மனுஷனே நம்ப முடியாம நிக்கிறாரு. கவனிச்சீங்களா, வலது கால். டேக்கிள்ல அடிபட்டு, முழுசா ஆறாத கணுக்கால் இருக்கிற அதே கால்!

அதுக்கப்புறம் மிலான்ல நடந்தது எல்லாருக்கும் தெரியும், வேகமா சொல்லிடுறேன், ரெண்டு ஐரோப்பிய கோப்பை (இன்னைய சாம்பியன்ஸ் லீக்), மூணு பாலன் டோர் (வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது), 1991-92ல மிலான் ஒரு லீக் மேட்ச் கூட தோக்காத சீசன்ல 25 கோல். 1992 நவம்பர்ல நப்போலிக்கு நாலு கோல், அதே மாசம் சாம்பியன்ஸ் லீக்ல யோட்டபோரிக்கு நாலு, அதுல ஒண்ணு தலைகீழா அடிச்ச பைசிக்கிள் கிக். டிசம்பர்ல மூணாவது பாலன் டோர், அதே டிசம்பர்ல மறுபடியும் ஆபரேஷன் டேபிள். வசந்த காலத்துல திரும்பி வந்து ஏதோ சில மேட்ச் ஆடிட்டு, 1993 மே 26, மார்சேயோட சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். எங்க? அதே ம்யூனிக் ஸ்டேடியம். தெளிவா உடம்பு சரியில்லாத ஆளு, 86ஆவது நிமிஷம் வரைக்கும் உள்ள வச்சிருந்தாங்க. மிலான் 0-1 தோத்துச்சு, வெளிய வந்தவர் அதுக்கப்புறம் ஒரு போட்டியிலும் ஆடவே இல்ல.

அப்புறம் ரெண்டு வருஷம் சும்மா இழுத்துச்சு. ஆபரேஷன், மறுபடி முயற்சி, மறுபடி வலி. 1994 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல மிலான் பார்சிலோனாவ 4-0ன்னு நொறுக்கினப்ப அவர் இல்ல, அந்த வருஷ உலகக் கோப்பைலயும் இல்ல. அவர் ஆடின உலகக் கோப்பையே 1990 ஒண்ணுதான், அதுல ஒரு கோலும் இல்ல, நினைச்சாலே வயித்தெரிச்சல். 1995 ஆகஸ்ட்ல ரிட்டயர்மெண்ட். மிலானோட ஸ்டேடியம் சான் சீரோல ஒரு ரவுண்டு நடந்து வந்தாரு, ஜெர்சி கூட இல்ல, பிங்க் சட்டை, மேல ஒரு ஜாக்கெட், ஜீன்ஸ், ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி கை தட்டிக்கிட்டே போறாரு, அங்க கபெல்லோ, அவ்ளோ கறாரான கோச், அழுதுட்டாரு. பின்னாடி அந்த கணுக்கால் எலும்புகள ஒண்ணா ஒட்ட வச்சுட்டாங்க, அசையாத மூட்டு, வலியாவது போச்சு.

இப்ப உங்க ரூலுக்கு வரேன். 1994 உலகக் கோப்பைல பின்னாடி இருந்து டேக்கிள் போட்டா ரெட் கார்டு குடுக்கணும்னு ரெஃப்ரீங்களுக்கு கறாரா சொன்னீங்க, 1998ல அது ரூல் புக்லயே ஏறுச்சு, 2005ல "பின்னாடி இருந்து"ங்கிறதையும் எடுத்துட்டு எந்தப் பக்கத்துலேருந்து வந்தாலும் ஆபத்தான டேக்கிள்னா ரெட்டுன்னு ஆக்கினீங்க. நல்ல வேலை, மனசார பாராட்டுறேன். இன்னைக்கு ஸ்ட்ரைக்கருங்க நிம்மதியா கோலுக்கு முதுகு குடுத்து நிக்கிறாங்கன்னா அதுதான் காரணம். (அதுக்கப்புறமும் 2006ல நியூரம்பர்க்ல போர்ச்சுகல்-நெதர்லாந்து மேட்ச், 16 மஞ்சள், 4 ரெட், சின்னப் பையன் கிறிஸ்டியானோ ரொனால்டோ தொடைல பூலாரூஸ்கிட்ட அடி வாங்கி முதல் பாதியிலயே அழுதுக்கிட்டே போனான், அதுக்கு குடுத்தது வெறும் மஞ்சள். அந்த நெதர்லாந்து டீமுக்கு கோச் யாருன்னு நினைக்கிறீங்க? வான் பாஸ்டன். விதி எப்படியெல்லாம் விளையாடுது பாருங்க.)

ஆனா அந்த ரூல் 1986லயே இருந்திருந்தாலும் க்ரோனிங்கன் மேட்ச்ல இவரோட கணுக்கால காப்பாத்தி இருக்காது, ஏன்னா டேக்கிள் இவரோடது. இத்தாலில வாங்கின அடி நிலைமைய இன்னும் மோசமாக்கிச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அடிப்படைல அவர முடிச்சது ஆறாத கால்ல ஆட விட்டது. க்ளப்புக்கு கோப்பை வேணும், கோச்சுக்கு ஆள் வேணும், ஆடுறவனுக்கு ஆடணும், இந்த மூணு பேருக்கு நடுவுல "இல்ல தம்பி, நீ இன்னைக்கு உக்காரு"ன்னு சொல்ல அதிகாரத்தோட ஒருத்தர் கூட இல்ல. அந்த இடம் இன்னைக்கும் காலியாத்தான் இருக்கு.

காலியா இருக்கிறது மட்டும் இல்ல, காலண்டர வேற நீங்க ரொப்பிக்கிட்டே போறீங்க. உலகக் கோப்பைய 48 டீம் ஆக்கி 104 மேட்ச் ஆக்கிட்டீங்க, க்ளப் உலகக் கோப்பைய 32 டீம் வச்சு ஜூன் ஜூலைல, அதாவது ஆடுறவங்க கால நீட்டி படுக்க வேண்டிய மாசத்துல நடத்துறீங்க. ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யூஈஎஃப்ஏ தன் பங்குக்கு சாம்பியன்ஸ் லீக்ல ஆளுக்கு ரெண்டு மேட்ச் கூட்டிடுச்சு. ஸ்பெயின் பையன் பெட்ரிய 18 வயசுல ஒரே சீசன்ல க்ளப்பு, யூரோ, ஒலிம்பிக்ஸ்னு எழுபத்து சொச்சம் மேட்ச் ஆட வச்சாங்க, அடுத்த சீசன் தொடைத் தசை மாறி மாறி போச்சு. இன்னொரு ஸ்பெயின் ஆட்டக்காரர் ரோட்ரி 2024 செப்டம்பர்ல ஸ்ட்ரைக் பண்ற நிலைமைக்கு வந்துட்டோம்னு வாய் விட்டு சொன்னாரு, சொன்ன சில நாள்லயே முட்டிக்குள்ள இருக்கிற ஏசிஎல்ங்கிற தசைநார் கிழிஞ்சு சீசன் போச்சு. அது மேட்ச் அதிகமானதால மட்டும்தான்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஆடுறவங்களோட யூனியனே உங்க மேல பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற ஐரோப்பிய கமிஷன் வரைக்கும் போய் புகார் குடுக்கிற அளவுக்கு வந்திருக்குன்னா கொஞ்சம் யோசிக்கணும்ல?

இதுல ஒரு கூத்து இருக்கு. 2016லேருந்து 2018 வரைக்கும் வான் பாஸ்டன் உங்க ஆபீஸ்லயே டெக்னிகல் டெவலப்மெண்ட்டுக்கு பெரிய ஆபீசரா இருந்தவரு. ஆஃப்சைட எடுத்துடலாம்னு அவர் சொன்னத வச்சு உலகமே கிண்டல் பண்ணுச்சு, எனக்கே அது ஒத்து வரல. ஆனா அதே பேச்சுல ஒரு வருஷத்துக்கு ஆடுற மேட்ச குறைக்கணும், எண்ணிக்கை முக்கியமில்ல தரம்தான் முக்கியம்னும் சொன்னாரு. அத யாரும் தலைப்புல போடல, நீங்களும் காதுல போட்டுக்கல. கணுக்கால குடுத்து கத்துக்கிட்ட பாடத்த உங்க ரூம்லயே உக்காந்து சொல்லியிருக்காருங்க.

அதனால நான் கேக்குறது ரெண்டே விஷயம். 2025 ஜூலைல சீசன் முடிஞ்சா குறைஞ்சது 21 நாள் ரெஸ்ட், ரெண்டு மேட்சுக்கு நடுவுல 72 மணி நேரம்னு நீங்களே அறிக்கை விட்டீங்க, யூனியன்ல நிறைய பேர் எங்கள கூப்பிடவே இல்லன்னு கத்தினது வேற கதை. அது அறிக்கையா இருந்தா பத்தாது, மீறினா அபராதமோ பாயிண்ட் குறைப்போ விழுற மாதிரி கட்டாய விதியா வரணும். ரெண்டாவது, க்ளப் சம்பளம் வாங்காத டாக்டர். தலைல அடிபட்டா தனியா ஒரு சப்ஸ்டிட்யூட் விடலாம்னு ஐஎஃப்ஏபி ஏற்கனவே ஒத்துக்கிட்டாச்சு, அப்ப "ஆடுறவன் நான் நல்லா இருக்கேன்னு சொல்றத அப்படியே நம்ப முடியாது"ங்கிற தத்துவத்த நீங்க ஏத்துக்கிட்டீங்க. அதையே முட்டிக்கும் கணுக்காலுக்கும் கொண்டு வாங்க. பெரிய ஃபைனலா இருந்தாலும் அந்த டாக்டர் கையெழுத்து போடலன்னா ஆள் இறங்கக் கூடாது. கோச் திட்டுவாரு, ஸ்பான்சர் முறைப்பான், ஆடுறவனே கூட கோவப்படுவான், பரவால்ல.

ஐஎஃப்ஏபில மொத்தம் எட்டு ஓட்டு, ஃபிஃபாவுக்கு நாலு, நாலு பிரிட்டிஷ் ஃபுட்பால் சங்கங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு, ஆறு விழுந்தா ரூல் மாறும். நாலு உங்க கைலயே இருக்கு, இன்னும் ரெண்டு பேர சம்மதிக்க வைக்க உங்களால முடியாதா என்ன? இந்த மடலுக்கு பதில் எல்லாம் வேணாம், அடுத்த வருஷ காலண்டர் வர்றப்ப அதுல மூணு வாரம் காலியா இருக்கான்னு மட்டும் நான் பாத்துக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க மேட்ச் எல்லாத்தையும் ராத்திரி முழிச்சு பாக்குற ஒரு ரசிகன்